பெரியப்பாவின் காந்த மெத்தையும் பாதத்துச் சூடும்

எங்கள் பெரியப்பா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்குகிறார். சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது, இன்றைக்கும் காலையில் எழுந்து ஊருணிக் கரையைச் சுற்றி நடந்துவிட்டு வந்துதான் காபி குடிப்பார். அப்படிப்பட்டவர் ஓய்வுப் பணத்தில் ஒரு பெரிய தொகையைக் கொடுத்துக் காந்த மெத்தை வாங்கிவந்தார். பெரியம்மா இரண்டு நாள் பேசவில்லை. அண்ணன் சத்தம் போட்டான். பெரியப்பா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "படுத்த கொஞ்ச நேரத்துல ரெண்டு பாதமும் கதகதன்னு ஆயிடுதுப்பா. ரத்தம் ஓடுறது எனக்கே தெரியுது. நீ பாடத்துல படிச்சத நம்புவியா, நான் உடம்புல பாக்குறத நம்புவேனா?"

கடைசி வரி எனக்கானது. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். காந்தப் பொருள்களின் வகைகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன். மெத்தையில் தைத்த காந்தம் ரத்தத்தை இழுக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெரியப்பா பொய் சொல்கிற ஆளும் இல்லை. அவர் படுத்த பிறகு பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே சூடாகத்தான் இருந்தது. "அது உங்க மனப்பிரமை பெரியப்பா" என்று சொல்லியிருந்தால் அது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, உண்மையும் இல்லை. சரி, காந்தம் இல்லையென்றால் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நீண்ட நாள் என்னை விடாமல் நச்சரித்தது இந்தக் கேள்விதான்.

விற்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க ஒருமுறை அவருடன் கூட்டத்துக்கும் போனேன். கல்யாண மண்டபம், நல்ல கூட்டம், காபி, வடை. மைக் பிடித்தவர் பேச்சில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் இரும்பை இழுக்கும், அதனால் ரத்த ஓட்டம் கூடும் என்பது ஒன்று. பூமியின் காந்த சக்தி குறைந்துவிட்டது, நம் நோய்களுக்கு அதுதான் காரணம் என்பது இன்னொன்று. மூன்றாவது மேடையில் நடந்தது. ஒருவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லி அழுத்தினார்கள், கை இறங்கியது. காந்தத்தைக் கையில் கொடுத்து மறுபடி அழுத்தினார்கள், கை அசையவில்லை. மண்டபமே கைதட்டியது.

ரத்தத்தில் இருக்கும் இரும்பு

முதல் வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மாணவர்களில் பாதிப் பேர் அதை நம்புவார்கள். நம் உடம்பில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்பு இருக்கிறது, அதில் பெரும்பகுதி ரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருப்பதும் உண்மை. ஆனால் ஆணியைக் காந்தம் இழுப்பது அதில் இரும்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அல்ல. கோடானுகோடி இரும்பணுக்கள் நெருங்கி அடுக்கி, ஒரே திசையில் திரும்பி நிற்பதால்தான் அந்த இழுப்பு வருகிறது. ஹீமோகுளோபினில் ஒரு மூலக்கூறுக்கு நான்கே இரும்பணு, ஒவ்வொன்றும் தனித்தனி மூலையில் கிடக்கிறது. அங்கே ஃபெர்ரோ காந்தத்துக்கு, அதாவது ஆணியைப் போலப் பலமாக ஈர்க்கப்படும் தன்மைக்கு, வழியே இல்லை.

மைக்கேல் ஃபாரடே 1845-லேயே காய்ந்த ரத்தத்தைக் காந்தத்துக்கு நடுவில் வைத்துப் பார்த்திருக்கிறார். இரும்பு இருந்தும் காந்தத்தன்மை இல்லை என்று குறித்து வைத்தார். அதற்கு 91 ஆண்டுகள் கழித்து, 1936-ல், அமெரிக்க வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கணக்கை முடித்தார்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் டயா காந்தப் பொருள், அதாவது காந்தத்தைவிட்டு மிக மிக லேசாக விலகும். ஆக்சிஜனைக் கொடுத்துவிட்ட ஹீமோகுளோபின் பாரா காந்தப் பொருள், மிக லேசாக ஈர்க்கப்படும். எங்கள் பாடப்புத்தகத்தில் டயா, பாரா என்ற இந்த இரண்டு சொற்களும் ஒரே பக்கத்தில் வருகின்றன. நம் எல்லோர் ரத்தத்திலும் அந்த இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஸ்கேனில் படம் எடுக்கிறார்களே, அது இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான். ஜப்பானைச் சேர்ந்த செய்ஜி ஒகாவா 1990-ல் அதற்கு வழி காட்டினார்.

ஆக, தமனியில் போகும் புது ரத்தத்தைக் காந்தம் இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளத்தான் செய்கிறது, அதுவும் கண்டுகொள்ளவே முடியாத அளவில். சிவப்பணுக்களைக் காந்தத்தால் பிரித்தெடுக்க முடியுமா என்று ஆய்வகத்தில் முயன்று 1975-ல் வெற்றியும் பெற்றார்கள். அதற்கு மெல்லிய எஃகுக் கம்பிகளை அடைத்த குழாயை வலுவான காந்தப் புலத்தில் வைத்து, அதன் வழியே ரத்தத்தை மெதுவாக ஓடவிட வேண்டியிருந்தது. மெத்தையில் அப்படி எதுவும் இல்லை. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒருவேளை காந்தம் ரத்தத்தைப் பலமாக இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இழுத்த ரத்தம் காந்தத்தின் பக்கத்தில் தேங்கி நிற்குமே தவிர எப்படி வேகமாக ஓடும்? அந்தக் கூட்டத்தில் இதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பூமிக் காந்தம் குறைந்த கதையில் ஒரு துளி உண்மை உண்டு. ஜெர்மன் கணித மேதை காஸ் அளக்கத் தொடங்கிய 1830-களிலிருந்து இன்றுவரை அது ஒன்பது பத்து விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் இருக்கும் வித்தியாசம் அதைவிட எவ்வளவோ பெரியது. நம் திருநெல்வேலிப் பக்கம் காந்த நடுக்கோடு போகிறது. அங்கே திசைகாட்டி ஊசி மேலும் கீழும் சாயாமல் சமமாக நிற்கும். புலத்தின் அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. (காந்தப் புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடெஸ்லா, பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோடெஸ்லா.) சைபீரியாவில் அது 60-ஐ எட்டும். காந்தக் குறைவால்தான் நோய் வருகிறது என்றால் தாமிரபரணிக் கரையில் பிறந்த எல்லோரும் காலங்காலமாகப் படுத்த படுக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அளந்து பார்த்தவர்கள்

பேச்சு இருக்கட்டும், யாராவது அளந்து பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான ஆட்களை உட்காரவைத்து, காந்தம் வைத்து, ரத்த ஓட்டத்தை அளந்த ஆய்வுகள் பல இருக்கின்றன. 2002-ல் வெளியான ஒன்றில் இளைஞர்களின் முன்கையில் அரை மணி நேரம் காந்தப் பட்டையைக் கட்டினார்கள். இன்னொரு நாள் பார்க்க அதே மாதிரி இருக்கும் போலிப் பட்டையைக் கட்டினார்கள். கைக்குப் போகும் ரத்தத்தில் வித்தியாசம் இல்லை, நாடித்துடிப்பிலும் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஹார்வி மேயரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக இதையே லேசர் கருவியால் தோலில் அளந்துவந்தார். 2001-ல் வெளியான முடிவில் காந்தத்தால் எந்த மாற்றமும் இல்லை. 2005-ல் அதைவிட வலுவான நியோடைமியம் காந்தத்தை விரலில் வைத்துப் பார்த்தபோது ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆமாம், கூடவில்லை, குறைந்தது.

இந்த அளவீட்டில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. விரல் நுனியில் லேசரை வைத்துக்கொண்டு ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்தால் போதும், அங்கே ரத்த ஓட்டம் சட்டென்று விழும், சில நொடி கழித்துத் திரும்பும். கையில் குளிர்ந்த காற்று பட்டால் விழும். யாராவது திடீரென்று பேச்சுக் கொடுத்தால்கூட விழும். தோலின் ரத்த ஓட்டம் அவ்வளவு தொட்டாற்சிணுங்கி. அதனால்தான் இந்த ஆய்வுகளில் அறையின் வெப்பத்தை மாறாமல் வைத்து, ஆட்களை அசையாமல் உட்காரவைத்து, நீண்ட நேரம் காத்திருந்து அளக்கிறார்கள். மண்டபத்தில் காந்தத்தைக் கையில் கொடுத்து "சூடா இருக்கா சார்?" என்று கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! போலிக் காந்தம் செய்வதே ஒரு தலைவலி. கட்டிக்கொண்டவர் வீட்டுச் சாவியை அருகில் கொண்டுபோனால் தெரிந்துவிடும், தன்னுடையது அசலா போலியா என்று.

கையை அழுத்திக் காட்டும் வித்தைக்கும் வயது அதிகம். 1784-ல் பாரிஸில் மெஸ்மர் என்பவரின் 'காந்த சிகிச்சை' ஊரையே ஆட்டியபோது, பதினாறாம் லூயி மன்னர் ஒரு குழு அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியல் மேதை லவாய்சியரும் அதில் இருந்தார்கள். ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்தை மட்டும் 'காந்தம் ஏற்றி' வைத்துவிட்டு, கண்ணைக் கட்டிய பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை மரம் மரமாக அழைத்துப் போனார்கள். அவன் நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரம் அது இல்லை. அந்தப் பையன் நடிக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவன் வேர்த்தான், இருமினான், உண்மையிலேயே விழுந்தான். மேடையில் கையை நீட்டி நின்றவரும் நடித்திருக்க மாட்டார். எந்த முறை காந்தம் இருக்கிறது என்பது அழுத்துகிறவருக்கும் தெரியும், நிற்கிறவருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

சின்னக் காந்தத்தால் ஒன்றும் ஆகவில்லை, சரி, பெரிய காந்தம்? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 8 டெஸ்லா மெஷின் ஒன்றுக்குள் ஆரோக்கியமான 25 பேரைப் படுக்கவைத்துச் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 8 டெஸ்லா என்றால் திருநெல்வேலியின் பூமிக் காந்தத்தைப் போல இரண்டு லட்சம் மடங்கு. நாடித்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு எதிலும் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. ரத்த அழுத்தத்தின் மேல் எண் மட்டும் சராசரியாக 3.6 புள்ளி ஏறியது. மாடிப்படி ஏறினாலே அதைவிடக் கூடும். ரத்தம் மின்சாரம் கடத்தும் திரவம் என்பதால், வலுவான புலத்தின் குறுக்கே ஓடும்போது அதில் ஒரு சிறு மின்னழுத்தம் உருவாகும். ஸ்கேனுக்குள் எடுக்கும் இ.சி.ஜி.யில் ஓர் அலை உயர்ந்து தெரிவது அதனால்தான். கூடவே ஓட்டத்துக்கு ஒரு சிறு எதிர்ப்பும் உண்டாகும். 10 டெஸ்லாவில்கூட அதனால் ரத்த அழுத்தம் 0.2 விழுக்காடுகூட மாறாது என்று 1990-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கேயும் கவனியுங்கள், காந்தம் ஓட்டத்தைத் தடுக்கத்தான் பார்க்கிறது.

மெத்தைக் காந்தம் இதற்கெல்லாம் பக்கத்தில்கூட வராது. வில்லை மாதிரி இருக்கும் சின்னக் காந்தத்திலிருந்து கொஞ்சம் விலகினாலே புலம் வேகமாகச் சரியும். அதன் பிறகு தூரம் இரண்டு மடங்கானால் வலிமை எட்டில் ஒரு பங்கு. மெத்தை உறை, அதன் மேல் போர்வை, வேட்டி எல்லாம் தாண்டி பெரியப்பாவின் காலை எட்டும்போது என்ன மிச்சம் இருக்கும்?

எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்கலக்கும் காசண்ட்ரா மோரிஸும் 70 மில்லிடெஸ்லா காந்தத்தை எலிகளின் தசையில் வைத்துப் பார்த்தார்கள். சுருங்கியிருந்த நுண் தமனிகள் விரிந்தன, விரிந்திருந்தவை சுருங்கின. அடிபட்ட உடனே வைத்தபோது வீக்கம் குறைந்ததாக 2007-ல் எழுதினார்கள். இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இது எலி, காந்தமோ திசுவை ஒட்டியே இருந்தது, முடிவும் 'ரத்த ஓட்டம் கூடும்' என்பதைச் சொல்லவில்லை. காயமில்லாத மனிதனின் தூக்கத்துக்கு அதை எடுத்துவந்து ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

சூடு வந்த வழி

இவ்வளவும் படித்த பிறகும் பாதத்துச் சூடு அப்படியேதான் இருந்தது. காந்தம் இல்லை என்பதற்கு எத்தனை ஆதாரம் சேர்த்தாலும், சூடான பாதத்துக்கு அது பதில் ஆகாது. பெரியப்பாவின் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை, அவர் கேட்காத கேள்விகளுக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

விடை காந்தத்தைப் பற்றிய எதிலும் இல்லை, தூக்கத்தைப் பற்றிய ஒரு சின்னக் கட்டுரையில் இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் 1999-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. ஆரோக்கியமான இளைஞர்களைப் படுக்கவைத்து, யார் சீக்கிரம் தூங்குகிறார்கள், எதை வைத்து அதை முன்கூட்டியே சொல்லலாம் என்று பார்த்திருக்கிறார்கள். கையும் காலும் எவ்வளவு சூடாகின்றன என்பதுதான் மற்ற எதையும்விடச் சரியாகச் சொன்னது. இரவு நெருங்கும்போது உடம்பு உள்சூட்டைக் குறைக்கப் பார்க்கிறது. அதற்கு உள்ளங்கை, உள்ளங்கால் தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு, அந்த வழியே வெப்பத்தை வெளியே அனுப்புகிறது. பாதம் சூடாகிறது, உள்ளே குளிர்கிறது, தூக்கம் வருகிறது. காந்தம் இல்லாத படுக்கையில், எல்லோருக்கும், ஒவ்வொரு இரவும்.

அதோடு நின்றுவிடவில்லை. நிற்கும்போது பாதத்துச் சிரைகளில் ரத்தம் தேங்கி அழுத்தம் 80, 90 மி.மீ. பாதரசம் வரை ஏறும். உடனே அங்கே வரும் நுண் தமனிகள் தாமாகச் சுருங்கி ரத்தம் வருவதைக் குறைக்கும். படுத்தவுடன் அந்த அழுத்தம் விழுகிறது, சுருங்கியவை விரிகின்றன, பாதத் தோலுக்கு ரத்தம் கூடுதலாக வருகிறது. பெரியப்பா சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. படுத்த கொஞ்ச நேரத்தில், ரெண்டு பாதமும், ரத்தம் ஓடுவது தெரிகிறது. முன்பு ஏன் தெரியவில்லை? முன்பு அவர் கோரைப் பாயில் தரையில் படுத்தார். இப்போது படுப்பது சூட்டை வெளியே விடாத கனத்த ஃபோம் மெத்தை. அதைவிட முக்கியமாக, முன்பு அவர் பாதத்தைக் கவனித்ததே இல்லை. சூடாகும் என்று ஒருவர் மைக்கில் சொன்ன பிறகுதான் படுத்துக்கொண்டு காத்திருந்து பார்க்கிறார்.

படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி நானும் என் பாதத்தைக் கவனித்தேன். சூடு ஏறியது. இத்தனை வருஷமும் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ரத்த ஓட்டத்தைக் கண்மாய்ப் பாசனத்தோடு ஒப்பிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பார்த்து மடையைத் திறந்து மூடுகிற நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருப்பார் இல்லையா, உடம்பில் அந்த வேலையை நுண் தமனிகள் செய்கின்றன. சாப்பிட்டால் வயிற்றுக்கு, நடந்தால் கால் தசைக்கு, வெயிலில் நின்றால் தோலுக்கு. ஓய்வாக இருக்கும்போது தோல் முழுவதற்கும் நிமிடத்துக்குக் கால் லிட்டர் சொச்சம்தான் போகிறது, கடும் வெப்பத்தில் அது ஆறு ஏழு லிட்டரைத் தொடும். இத்தனை ஏற்ற இறக்கத்தை உடம்பு தானாகவே நடத்துகிறது. 'ரத்த ஓட்டம் கூடும்' என்று ஒருவர் சொன்னால் எங்கே கூடும், எதற்குக் கூட வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆரோக்கியமாக இருக்கிறவருக்குக் குறையாத ஒன்றைக் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. தேவை இல்லாத வயலுக்குத் தண்ணீர் திருப்பினால் இன்னொரு வயல் காயும்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பழைய பாயில் ஒரு நாள் படுத்துப் பார்க்கவும் சொன்னேன். படுத்தார். மறுநாள் காலையில், "இங்கயும் சூடாத்தான்டா ஆகுது" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இத்தன நாள் படுத்ததுல காந்த சக்தி உடம்புல ஏறியிருக்கும்ல?" என்றார். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. நன்றாகத் தூங்குகிறார், நடக்கிறார். போன பணம் போனதுதான்.

ஆனால் அதே கூட்டத்தில் மெத்தை வாங்கிய, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அம்மா, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தூக்கம் போனது. மேடையில் யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை என்றுதான் சொல்வார்கள். ரத்த ஓட்டம் சீரானால் பிரஷர் எப்படி இருக்கும் என்று கேள்வி கேட்டுவிட்டு, பதிலைக் கேட்கிறவர்களிடமே விட்டுவிடுவார்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை நோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் சட்டம் தடை செய்கிறது. எழுபது ஆண்டு பழைய சட்டம். மண்டபத்துக்குள் மைக்கில் பேசுவது யார் காதுக்கு எட்டப்போகிறது? பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். பெரியம்மாதான் பேசினார், நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி மாத்திரை போடுகிறார் இப்போது.

கிளம்பும்போது இன்னொன்றும் தெரிந்தது. அவருடைய கணவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர், அதாவது இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி, வைத்திருக்கிறார்கள், அவரும் அந்த மெத்தையில்தான் படுக்கிறார். வீட்டுக் காந்தம் ஒரு மனிதனின் ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே மாற்றக்கூடிய இடம் இது ஒன்றுதான். பேஸ்மேக்கருக்குள் காந்தத்தை உணரும் சின்ன அமைப்பு இருக்கிறது. புலம் சுமார் 1 மில்லிடெஸ்லாவைத் தாண்டினால், இதயத்தின் போக்கைப் பார்க்காமல் ஒரே சீராகத் துடிக்கவைக்கும் நிலைக்கு அது மாறிவிடலாம். அதிர்ச்சி கொடுத்து உயிர் காக்கும் வகைக் கருவியாக இருந்தால், காந்தம் விலகும்வரை அந்த வேலையே நிற்கலாம். 2021-ல் காந்தம் பதித்த ஒரு செல்போனை நெஞ்சருகே வைத்ததற்கே அப்படி நின்றதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காந்தம் எதுவானாலும் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. குப்புறப் படுத்தால் நெஞ்சுக்கும் மெத்தைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கும்? அன்றைக்கே அந்த மெத்தையைச் சுருட்டி மச்சில் ஏற்றிவிட்டுத்தான் வந்தோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பேஸ்மேக்கர் வைத்தவர் யாராவது இப்படி ஒரு மெத்தையில் படுக்கிறார் என்றால், அவருடைய இதய மருத்துவரிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள், இன்றைக்கே.